பிளாங்க் குழாயில் ஊதா

1983 ஏப்ரல் 5, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். வேலூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். கல்லூரித் தண்ணீர்க் குழாயில் இன்றும் காற்றுதான். டெஸ்ட் டியூபெல்லாம் மறுபடி பையில். ஆரணிக்குச் சுமந்து வந்து கிணற்றடியில் கழுவல். எம்.ஃபில். படிக்கிறேனா, பாத்திரம் தேய்க்கிறேனா?

நின்ஹைட்ரின் மருந்து போட்டுக் கொதிக்க வைத்தால் புரதச் சத்து கரைந்த குழாய் ஊதா ஆகவேண்டும். பிளாங்க் குழாயில் வெறும் தண்ணீர், அது அப்படியே இருக்கவேண்டும். என் பிளாங்கும் ஊதா! இதை வைத்துக்கொண்டு, சலவைச் சோடாவில் பட்டு நூலை வேகவைத்தால் மேலுள்ள பசை மட்டும் போகிறதா, இழையும் கரைகிறதா என்று எப்படிச் சொல்ல?

கைடு சார்: "கையக் கழுவிட்டுத் தொடும்மா. வேர்வை பட்டாலே கலர் வரும். போலீஸ்காரன் இத வச்சுத்தான் கைரேகை எடுக்கறான்."

பத்து தடவை கழுவியாயிற்று சார். மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி கொதிக்க வைத்தேன்.

ஏப்ரல் 6

காய்ச்சி வடித்த தண்ணீர் கேனை மாற்றினேன். ஊதா. அடுத்த மேஜை அம்மோனியாவா? அந்தக் காற்று பட்டாலே இது நிறம் மாறும். ஜன்னலோரம் போனேன். ஊதா. சனியன்.

மருந்து கெட்டுவிட்டதோ? வெளிச்சம், ஈரம் இரண்டும் ஆகாது. கறுப்புத் தாள் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். பொடி வெளிர் மஞ்சளாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான். அடுத்தது மெட்ராஸிலிருந்து எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

முகர்ந்து தொலைத்தேன். தும்மல், கண் எரிச்சல். விரல் நுனியெல்லாம் கறை. சோப்பு, புளி எதற்கும் போகவில்லை. தோல் உரிந்தால்தான் போகும்.

மாமனாரின் பட்டுத் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் பார்த்துவிட்டார். "இன்னாம்மா கை, நாவப்பழம் தின்னாப்புல? வெசமா?"

"வாயில போனாத்தான் கெடுதி அத்தை."

"சோறு பெசையற கையிலதான பூசிகினு வந்துருக்க!"

ஸ்பூனில் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, வெள்ளி

சார் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை பிளாங்க் சுத்தமா வரலைன்னா தலைப்ப மாத்திடலாம்." ஒரு வருட வேலை. பஸ்ஸில் அழுகை.

வீட்டில் இவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "விட்டுத் தொலையேன், எதுக்கு இந்த பேஜாரு?"

பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போல இருந்தது. பால் கார்டு புதுப்பிக்கவேண்டும்.

ஏப்ரல் 10, ஞாயிறு

காரணம் கிடைத்தது. கிடைத்து என்ன?

குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அரிசி களையப் போனேன். திரும்பி வந்தால் அங்கே அத்தை. குச்சி நுனியில் பட்டுத் துணுக்கைச் சுற்றி, ஒவ்வொரு குழாயாக உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டு. பசை எடுக்காத பட்டு! அந்தப் பசை முழுக்கப் புரதம்.

"அத்தை! யாரு தொடச் சொன்னாங்க?"

"ஈரத்தோட இருந்தா கறை புடிக்குமேன்னு... தெனம் தொடைக்கிறதுதான். துணின்னா பிசிறு ஒட்டும். பட்டுன்னா பளிச்சினு இருக்கும்."

தினமும்! குழாய்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகுதானே இந்தத் தொல்லை? எனக்கு ஏன் உறைக்கவில்லை?

"என் படிப்பையே நாசம் பண்ணிட்டீங்க!" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோனது. இவர் ஓடி வந்தார். அத்தை குச்சியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் கழுவி, காற்றிலேயே உலர விட்டேன்.

ஏப்ரல் 11, திங்கள்

பிளாங்க் சுத்தம்! மற்றவை பசையால் வெளிர் ஊதா, சோடா அதிகம் போட்ட குழாய் மட்டும் கரும் ஊதா. இழையும் கரையத்தான் செய்கிறது. சார் இரண்டு முறை பார்த்தார். "சரி, எழுதும்மா." தலைப்பு பிழைத்தது.

பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ மைசூர்பாகு. அத்தைக்குப் பிடிக்கும். கொடுத்தேன்.

"அங்க வை."

"நேத்து கோவத்துல பேசிட்டேன் அத்தை. பாஸான மாதிரிதான் இப்ப."

"சந்தோசம்."

கிணற்றடியில் குழாய்களைக் கழுவிச் சுவர்மேல் வைத்தேன். அத்தை பக்கத்தில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தார். ஒரு குழாய் உருண்டது, அவர் இருந்த பக்கமாக. பிடிக்கக் கை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். கீழே விழுந்து சிதறியது.

"நான் தொடலம்மா" என்றார்.