அந்தத் துண்டு யாருடைய யோசனை?

நாற்பத்தோரு படங்களில் பொய்யாகச் செத்து, போன மாசியில் எங்களை நிஜமாகவே விட்டுப் போன என் அப்பாவுக்கு,

தேனு எழுதுகிறேன், அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கியிருக்கும் நம் வீட்டிலிருந்து. அடுத்த மாதம் உங்கள் தலைத்திதி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மருந்து டப்பாவை இன்னும் பிரிட்ஜ் மேலிருந்து எடுக்க விடவில்லை. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது; அறுவடை மெஷின் தெருவில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எனக்குத்தான் ஒன்றரை மாதமாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன், அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடுகிறது. "கால்ல சக்கரம் கட்டிருக்கியாடி?" என்கிறாள் அம்மா.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால், நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமம். குமரேசன், பாஸ்கர் என்று அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர். அடுத்தடுத்த வயல். கார்த்திகை மழையில் குமரேசன் தன் வரப்பை உயர்த்திக் கட்டிவிட்டான். மேட்டுப் பக்கமிருந்த பாஸ்கர் வயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் பயிர் ஒரு வாரம் முழுகிக் கிடந்து அழுகிப்போனது. பாஸ்கர் அரிவாளோடு வந்தான். குமரேசன் வாழைக்கொல்லைக்குள் புகுந்து ஓடித் தப்பித்தான். ஊரார் கூடிப் பேசி இருவரையும் சமாதானப்படுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது, பாஸ்கர் ஒரு புதுத் துண்டோடு வந்தான். "தப்பு நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதண்ணே" என்று சொல்லித் துண்டை விரித்துக் குமரேசன் தோளில் போட்டான். குமரேசன் கை கூப்பித் தலையைக் குனிந்தான்.

அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நீங்கள் நடித்ததுதான். துண்டின் இரண்டு முனையையும் இடது கையால் சேர்த்துப் பிடித்து ஒரு இழுப்பு. வலது கை தன் முதுகில் செருகிய அரிவாளுக்குப் போகும்.

குமரேசன் பிழைத்துக்கொண்டான். கழுத்துக்கு வந்தது தோளில் விழுந்தது. வலது கையை இனிமேல் முழுதாகத் தூக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பாஸ்கர் ஜெயிலில் இருக்கிறான்.

டீக்கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதையும் உங்கள் படக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் சிரிப்பையும் ஒட்டி, ஊர் முழுக்கப் போனில் சுற்றவிட்டான். பாஸ்கர் முந்தின நாள் ஸ்டேட்டஸ் வைத்திருந்ததே உங்கள் துண்டுக் காட்சியைத்தானாம். டிவிக்காரர்கள் நம் வாசலுக்கு வந்து மைக்கை நீட்டினார்கள். சினிமா வில்லனைப் பார்த்து நிஜத்தில் வெட்டுகிறார்களே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

நான் சொன்னதைக் கேளுங்கள். "எங்க அப்பா நடிகர். எழுதிக் குடுத்தத நடிச்சாரு. அவ்வளவுதான்."

பொய், அப்பா. அது பொய் என்று இந்த ஊரில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். படப்பிடிப்புக்கு நடுவில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வில்லன் பின்னாலிருந்து வந்து வெட்டுவதாக டைரக்டர் எழுதியிருந்தார். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. "பின்னால வந்து வெட்டுறதுதான் எல்லாப் படத்துலயும் இருக்கே. முன்னால வந்து வெட்டணும், ஆனா அவன் ஓடக் கூடாது. எப்படிடி தேனு?" என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டீர்கள். எனக்கென்ன தெரியும்? சட்டென்று எழுந்து, கரித்துணியாகக் கிடந்த பழைய துண்டை உதறி, மேடையில் பெரிய மனிதருக்குப் போடுவதுபோல என் தோளில் போட்டீர்கள். நானும் பெரிய மனுஷிபோலக் கை கூப்பிக் குனிந்தேன். பிடரியில் கரண்டியால் ஒரு தட்டு! மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கரண்டியில் சட்னி இருந்தது. அந்த யூனிஃபார்ம் காலரில் கறை கடைசிவரைக்கும் போகவில்லை.

நீங்கள் சொன்ன யோசனையைக் கேட்டு டைரக்டர் உங்களைக் கட்டிக்கொண்டாராம். படம் வந்தது. பேட்டியிலெல்லாம் பெயர் அவருக்குப் போனது. நீங்களும் பெருந்தன்மையாக விட்டுவிட்டீர்கள். இப்போது திட்டும் அவருக்கே போகிறது. எழுபது தாண்டிய மனிதர். அவர் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்களாம். நான் பேசியதை டிவியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா. உங்கப்பன் வந்து பதில் சொல்ல முடியாது. நான் இருக்கேன்ல, வாங்கிக்கறேன்" என்றார். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் சும்மா இருந்தேனா? ஆசிரியர் அறையில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு போனேன். லட்சம் பேர் பார்த்த படம், ஒருத்தன்தானே வெட்டினான், அப்படியானால் குற்றம் படத்திலா அவனிடமா என்று கேட்டேன். சினிமாவே இல்லாத காலத்தில் யாரும் யாரையும் வெட்டவில்லையா என்றேன். ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். எதிரே சுவரில் அந்தக் கடிதம்.

ஞாபகம் இருக்கிறதா? வயதான காலத்தில் நீங்கள் நல்லவராக நடித்த ஒரே படம். சாகும்போது கண்ணைத் தானம் செய்யும் வாத்தியார் வேஷம். அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டில் நான்கு பேர் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக யாரோ எழுதிய கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினீர்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினீர்கள். அந்த நான்கு பேரும் உங்களைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்றால் பாஸ்கர் யாரைப் பார்த்துச் செய்தான்? நல்லது என்றால் நம்மால் நடந்தது, கெட்டது என்றால் அது அவன் புத்தி. இது என்ன நியாயம், அப்பா?

அன்றிலிருந்துதான் காலில் சக்கரம்.

போன சனிக்கிழமை ஒரு சீப்பு பழமும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பூதலூர் பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாரோ டீச்சர், பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். குமரேசன் மனைவி வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். "அந்த மூக்கு போதும். நீங்க அவரு மகதான?" என்றாள். எத்தனை மேக்கப் போட்டும் மறைக்க முடியாத மூக்கு என்று நீங்களே சொல்வீர்களே. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன்.

குமரேசன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சின்னப் பையன்தான், முப்பத்தைந்து இருக்கும். நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன். சினிமா பார்த்துத்தான் வெட்டினானா?

"கோவம் அவனோடதுக்கா. வரப்ப ஒசத்துனது நான்தான், இல்லங்கல. பயிரு அழுவுனா யாருக்குத்தான் வயிறு எரியாது? சினிமா பாக்காட்டியும் அவன் வந்திருப்பான்."

எனக்கு மூச்சு வந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. அவன் நிறுத்தவில்லை.

"ஆனா வெறும் அருவாளோட வந்திருந்தா ஓடிருப்பேன்க்கா. மொத தடவ ஓடுனேன்ல? அவன் ஸ்டேட்டஸ் வச்சத நானும் பாத்தேன். சிரிப்பு பொம்மகூடப் போட்டேன். பாத்துட்டும், மறுநாளு துண்டோட வந்து நின்னப்ப குனிஞ்சிட்டேன். துண்டு போட வர்றவன்கிட்ட எப்புடிக்கா நிமுந்து நிக்கறது? பழகிப்போச்சே."

தண்ணீர் கொண்டுவந்து வைத்த வசந்தா அங்கேயே நின்றாள்.

"அந்தப் படத்துல அத யாரு யோசிச்சது?" என்று கேட்டாள். "டிவில ஒருத்தரு டைரக்டருங்கறாரு, ஒருத்தரு நடிச்சவருங்கறாரு. நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். யாருன்னு மட்டும் சொல்லுங்க. வெட்டுனவன தெனம் திட்டுறேன். கத்துக் குடுத்தவன யாருன்னு வச்சுத் திட்டுறது?"

தெரியவில்லை என்றேன். அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தெரியவில்லை என்றேன், அப்பா.

வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உன் கல்யாணத்துல அவருக்குத் தோள்வலியெல்லாம் ஒண்ணும் இல்லடி" என்றாள்.

என் கல்யாணத்தில் நீங்கள் செய்த காரியத்தை நான் மறப்பேனா? சம்பந்தி மரியாதைக்குப் பெண்ணின் அப்பா எழுந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குத் தோளில் துண்டு போட வேண்டும். நீங்கள் மடித்த துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே போனீர்கள், சீட்டுக் கொடுப்பதுபோல. பெரிய மாமனார் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். சினிமாக்காரனுக்குத் திமிர் என்றார்கள். புகுந்த வீட்டில் நான் வாங்கிய முதல் பேச்சே அதுதான். தோள்பட்டை வலி என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. இரண்டு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

அம்மா இப்போது சொல்கிறாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், இங்கே திருவையாற்றில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்குத் துண்டு போட நீங்கள் கையைத் தூக்கியதும் அந்தப் பெரியவர் ஓரடி பின்னால் போய்த் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாராம். கூட்டம் கொல்லென்று சிரித்ததாம். நீங்களும் சிரித்தீர்களாம். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லையாம். "வெளையாட்டுக்குப் பண்ணல, செண்பகம். நெசமாவே பயந்துட்டாரு" என்றீர்களாம். அதற்கப்புறம் நீங்கள் யார் தோளிலும் துண்டு போட்டதில்லையாம்.

கேட்க வேண்டும் என்றேனே, இதுதான். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? அத்தனை வருஷமும் தெரிந்தேதான் தோள்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களா? தெரிந்திருந்தால் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் ஒரு துண்டுக்காகப் பேசாமல் இருந்தபோதாவது சொல்லியிருக்கலாமே, அப்பா. கோபமாகத்தான் இருக்கிறது. உங்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் நீங்கள் இல்லை.

இந்தப் படம் வராவிட்டால் குமரேசனின் கை நன்றாக இருந்திருக்குமா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பாஸ்கர் வேறு வழி தேடியிருப்பானோ என்னவோ. அவன் கோபத்தில் உங்களுக்குப் பங்கில்லை. அது மழையிலும் வரப்பிலும் விளைந்தது. ஆனால் ஓட வேண்டியவனை எப்படி நிறுத்துவது என்று அவனுக்கு நம் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் போயிருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கனவிலாவது வந்து சொல்லுங்கள்.

உங்கள் நாடகக் கூட்டாளி ராஜு மாமா முந்தாநாள் வந்திருந்தார். திதி முடிந்த மறுநாள் கல்யாண மண்டபத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டமாம். முதலில் பெரிய திரையில் துண்டுக் காட்சியைப் போட்டால் கைதட்டல் அள்ளும் என்றார். "அதுதானம்மா அவனோட அடையாளம்" என்றார். வேண்டாம் மாமா, வாத்தியார் வேஷத்தைப் போடுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. விருந்தினர்களுக்குத் துண்டு போட வேண்டியது மகளான நான்தானாம். சரி என்றிருக்கிறேன்.

அன்று மேடையில் அந்த யோசனை உங்களுடையது என்று சொல்லிவிடப்போகிறேன். டைரக்டரிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன்; "நல்லதும்மா" என்றார். துண்டுகளை நானும் கையில்தான் கொடுப்பேன். யாராவது முகம் சுளிப்பார்கள், மரியாதை தெரியாதவள் என்பார்கள். நான் தோள்வலி என்று சொல்ல மாட்டேன், அப்பா. காரணத்தைச் சொல்வேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வசந்தாவிடம் போகிறேன். யார் யோசித்தது என்று கேட்டாளே, உங்கள் பெயரைச் சொல்லப்போகிறேன். முதலில் யார் தோளில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுவேன். அவள் உங்களைத் திட்டட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் முழுதும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மூக்கோடு பிறந்த மகள்,
தேனு