காற்று வாயில் காய்ந்த பனியன்கள்

ஜூலை 4
மழை விடவில்லை. ஆலைக்குள் நுழைந்ததுமே குமட்டியது. எலி செத்திருக்கும் என்று மூட்டை மூட்டையாகத் தேடினேன். எலி இல்லை; எலிக்குக்கூட மானம் உண்டு. கூலர் காற்றை உள்ளே இழுக்கும் கம்பி வலையில் ஈரப் பனியன்கள், ஜட்டிகள், ஒரே ஒரு சாக்ஸ் ஒட்டிக் காய்கின்றன. இன்னொரு சாக்ஸ் எங்கே போனது? வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

ஜூலை 5
விஷயம் இதுதான். ஆவியில் வெந்து நசுங்கிய ஓட்ஸ் சல்லடைப் பெல்ட்டில் ஊர்ந்து வரும். முதல் பாதியில் சூடான காற்று ஈரத்தை எடுக்கும். அடுத்த பாதி கூலர். வெளிக்காற்று அடியிலிருந்து புகுந்து சூட்டை எடுக்கும். ஆறாமல் பையில் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். என் சித்தப்பா ஒருவர் கோபத்தைக்கூட ஆறவிடாமல் மூடி வைப்பார். அந்த நாற்றம் தனிக் கதை.

கூலரை ஓட்டுவது அக்கா வீட்டுக்காரர். முதல் பனியனே அவருடையதுதான். "சாப்பிடுகிற பொருள், மாமா" என்றேன்.

"காத்துதானே மாப்ள உள்ள போகுது, பனியனா போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 9
கட்டிய ஓட்ஸ் பையைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடுகிறது. வலையைத் துணி அடைத்தால் காற்று எங்கே புகும்?

ஜூலை 10
சொல்லிவிடலாமா? சொன்னால் மாமாவுக்கு வேலை போகும். அக்கா நிறைமாசம். சொல்லாவிட்டால் யார் பெற்ற பிள்ளையோ இந்த வேர்வைக் கஞ்சியைக் குடிக்கும். த்தூ.

ஜூலை 12
யார் பேரும் சொல்லாமல் மேனேஜரை ஒரு நடை வரச் சொன்னேன். வந்தார், மூக்கைப் பொத்தினார், போய்விட்டார். மாலையில் பார்த்தால் வலையில் புதிதாக ஒரு மழைக்கோட்டு. அவருடையது! அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்.

ஜூலை 20
கிடங்கில் ஒரு பையைப் பிரித்தேன். உள்ளே பச்சையாக, பூனை ரோமம் மாதிரி. அப்படியே தூக்கிப் போய் முதலாளியம்மா மேஜையில் கொட்டினேன். யார் ஓட்டும் மெஷின் என்று கேட்டார். மாமா பேரைச் சொன்னேன். மழைக்கோட்டைப் பற்றியும் சொன்னேன். அது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

ஜூலை 22
மாமாவை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுத்தத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். "உன் மூக்கு நல்லாருக்கட்டும்டா. எங்க வயித்த நாங்க பாத்துக்கறோம்."

ஆகஸ்ட் 2
வலை சுத்தம். ஓட்ஸ் நன்றாக ஆறி, சலசலவென்று பையில் விழுகிறது.

அக்கா தெருதான் வீட்டுக்குக் குறுக்கு வழி. சுற்றிக்கொண்டு வந்தேன். அக்காவுக்குப் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று வழியில் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.