மார்பில் குத்திய இறக்கை

திருப்பதி,
9 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்வர்ணா எழுதுவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அங்கே பனி குறைந்ததா? போன் செய்தால் எடுப்பதில்லை. கடிதம் என்றால் பிரித்தாவது பார்ப்பீர்கள் என்று லைப்ரரியில் வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தங்கை தேவயானியும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்துவிட்டுப் போனார்கள். "லீவு முடியறதுக்கு முன்னாடியே இன்னாத்துக்கு உன் வூட்டுக்காரரு ஓடனாரு?" என்று நைனா கேட்டுக்கொண்டே இருக்கிறார். பட்டாளத்தில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தங்கை ரிசப்ஷனில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். யூனிபார்மில் வாருங்கள் என்று நான்தான் கேட்டேன். சட்டை வெறுமையாக இருக்கிறதே என்று, போலீஸ், என்.சி.சி. சாமான் விற்கும் கடைக்குப் போனேன். தட்டு நிறைய பட்டன், ஸ்டார், பேட்ஜ். கத்தியும் இறக்கையும் வைத்த வெள்ளி பேட்ஜ் லட்சணமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு நெக்லஸை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வதில்லையா? அதுபோலத்தான் நினைத்தேன். "இது நம்பளுது இல்ல ஸ்வர்ணா" என்றீர்கள். "போட்டோவுக்குத்தானே மாமா, யாருக்குத் தெரியப்போவுது" என்று நான்தான் குத்திவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தங்கவேலு, விமானத்திலிருந்து குதித்த பட்டாளத்துக்காரர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஃபேமிலி குவார்ட்டர்ஸ் லிஸ்டில் பெயர் வந்ததா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்,
ஸ்வர்ணலதா


56 ஏ.பி.ஓ.,
20 மார்ச் 2025

அன்பு ஸ்வர்ணா,

உன் கடிதம் வந்தது. பனி குறைந்திருக்கிறது.

கடையையும் தங்கவேலுவையும் விடு. அந்த பேட்ஜ் இருந்தது என் மார்பில். நான் உறுதியாக மறுத்திருக்கவேண்டும். அதை உழைத்து வாங்கிய ஒருவர் போன வருஷம் எங்கள் மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு ரோந்து போனார். திரும்பவில்லை. அன்றைக்கு டீ போட்டவன் நான்.

தங்கவேலு "எந்த பட்டாலியன் தம்பி?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க, ரகசியம்" என்றாய். திடீரென்று வந்த பேச்சாக அது எனக்குப் படவில்லை. பழகின பேச்சாக இருந்தது.

"நான் மெஸ்ல குக்குங்க" என்று சொல்லி பேட்ஜைக் கழற்றினேன். உன் தாய்மாமா சுரேஷ்பாபு, "கமாண்டோ கரண்டி புடிச்சிக்கினு வந்துகீறாரு, பந்தியில நிறுத்துங்கப்பா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் உன்னைப் பார்த்தேன். நீ யாரோ மாதிரி நின்றாய்.

கை கழுவும் இடத்தில் உன்னோடு வேலை செய்யும் இந்திராணி வந்து, "சார், நீங்க பார்டர்ல சண்டை போடறவர்னு ஸ்வர்ணா சொன்னாளே?" என்று கேட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று வருஷமும் அப்படித்தான் சொல்லி வந்தாயா?

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. ஏப்ரல் பத்துக்குள் பதில் சொல்லவேண்டும். இங்கே எல்லா வீட்டு ஆண்களும் நான் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். உன்னைக் குக் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். வருவாயா?

வேணு


திருப்பதி,
29 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆமாம். மூன்று வருஷமும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கேட்டார், ஆர்மி என்றேன். "பார்டரா?" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைக் காப்பாற்ற அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் சமையலை வீட்டில் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் லைப்ரரியில் உங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன்.

போன கடிதத்திலும் பொய் எழுதினேன். லட்சணமாக இருந்தது என்று அதை எடுக்கவில்லை. கடைக்காரர் சொன்னார்: "அது கமாண்டோவுதும்மா, சும்மாங்காட்டியும் போடக்கூடாது." தெரிந்துதான் வாங்கினேன். அதனால்தான் வாங்கினேன்.

நேற்று மதியம் சாப்பிடும்போது இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அதுக்கு இன்னாடி இப்போ? எங்க நைனா புத்தூர்ல டீ ஆத்திக்கினு கீறாரு. ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தள்ளினாள். அவளுக்கு அது ஒரு செய்தியாகவே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் யாருக்காகப் பொய் சொன்னேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கேவலமாக நினைத்தவள் நான் ஒருத்திதான்.

வருகிறேன் மாமா. அவர்கள் குக் பெண்டாட்டி என்று கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்பேன். வா என்று எழுதுங்கள்.

உங்கள்,
ஸ்வர்ணா


56 ஏ.பி.ஓ.,
9 ஏப்ரல் 2025

அன்பு ஸ்வர்ணா,

மெஸ்ஸுக்குப் பின்னால் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். நீ உள்ளதை எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன்.

வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை.

சேர்ந்த நாளிலிருந்து சமைக்கிறேன். ரொட்டி வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், பருப்பில் உப்பு அதிகம் என்று திட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. அந்த ரிசப்ஷனுக்குப் பிறகு வருகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் பரிமாறுகிறேன். நீ அன்றைக்குப் பார்த்த பார்வையால் நானே என்னைப் பார்க்கிறேன். அது என்னைவிட்டுப் போகவேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் போகாது.

வருகிறேன் என்று சொன்னாயே, அது போதும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போதவில்லை ஸ்வர்ணா. அடுத்த லீவுக்கு நான் ஊர்ப்பக்கம் வரவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எல்லாரும் தட்டோடு வந்துவிடுவார்கள். நான் போய் அவர்கள் எதிரில் நிற்கவேண்டும்.

வேணு