நீ பாதி பாதியாகப் பிளந்த பட்டியல்

இன்று காலை பெரிய கப்பல் ஒன்றின் சரக்குப் பட்டியல் வந்தது. நான்காயிரத்துக்கு மேல் கண்டெய்னர்கள். ஒரு வாய் டீ குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள், அது சுங்கத்துறை கேட்கும் வடிவத்துக்கு மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த புதுப்பெண், "இவ்வளவு வேகமா ஓடுதே, நீங்க எழுதுனதாக்கா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எழுதியது நீ.

தூத்துக்குடி துறைமுகச் சாலை அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நமக்குக் கிடைத்த வேலை, சரக்குப் பட்டியல்களைச் சுங்கத்துறை வடிவத்துக்கு மாற்றும் நிரலை எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் எழுதுவது. அதில் ஒருமுறை வைத்த மதிப்பை மாற்ற முடியாது. ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையை எடையால் பெருக்கி மொத்தம் காண வேண்டுமென்றால், டெம்ப்ளேட் என்ற நிரல்துண்டு தன்னையே திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும். என்னுடையது முதல் வரியை எடுத்துக்கொண்டு மீதியைத் தன்னிடமே கொடுக்கும். நாலாயிரம் வரிக்கு நாலாயிரம் படி ஆழம். நீ பட்டியலை இரண்டாகப் பிளந்தாய், ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக. அதே நாலாயிரத்துக்குப் பன்னிரண்டு படிதான்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். நூறு வரியில் என்னுடையது கொஞ்சம் முந்தியது. நான் சிரித்தேன். ஆயிரத்தில் நீ முந்தினாய். அதற்கு மேல் என்னுடையது திணறி, பாதியில் செத்து நின்றது.

"சின்ன லிஸ்ட்ல எல்லாமே ஓடும் ஏளா. பெருசக் குடுத்துப் பாக்கணும்," என்றாய்.

மேனேஜருக்கு அதில் அக்கறையில்லை. "அவ்வளவு பெரிய கப்பல் நம்மகிட்ட எங்க வருது? எது சின்னதா, புரியுத மாதிரி இருக்கோ அதையே போடுங்க," என்றார். சின்னது என்னுடையது. மறுநாள் என் அக்கா மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு, நான் விடுப்பு. அதனால் அதைச் சர்வரில் ஏற்றியது நீ. ஏற்றியவர் யார் என்ற பதிவில் உன் பெயர் விழுந்தது.

இரண்டு மாதத்தில் அந்தப் பெரிய கப்பல் வந்தது. பட்டியல் பாதியில் நின்றது. பகல் முழுவதும் லாரிகள் துறைமுக வாசலில் காத்துக் கிடந்தன. மேனேஜர் பதிவைத் திறந்து உன்னைக் கூப்பிட்டார். நீ ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாடிப்படியில், "நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றாய்.

"எனக்கும் வேலை வேணும்லா," என்றேன். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடுத்த வாரமே நீ எழுதியதை எடுத்துப் போட்டார்கள். நிரலின் தலைப்பில் எழுதியவராக யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது மேனேஜர் என்னைக் காட்டினார். நான் மறுக்கவில்லை. அந்த வருடமே டீம் லீடர் ஆனேன். நீ காயல்பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு ஆண்டு கழித்து மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குத்தான் உன் ஊர் ஆலந்தலைக்கு வந்தேன். பூசை முடிந்து உன் வீட்டு வாசலில் உன் தங்கையிடம், "அந்தத் தப்பு அவ செஞ்சதில்ல, நான் செஞ்சது," என்று சொன்னேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"எங்களுக்குத் தெரியும்க்கா," என்றாள். "அவ உங்களக் கொறையா ஒண்ணும் சொன்னதில்ல. என்னைக்காவது ஒருநாள் நீங்களே வந்து பேசுவியன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

தூத்துக்குடியிலிருந்து உன் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் பஸ் ஏறவில்லை.