கொழுப்பில்லாக் கிண்ணம்

நாள் 112. 07:40
கொழுப்பே கலக்காத ஊட்டநீரில் இந்தக் காசநோய்க் கிருமிகள் எதைத் தின்று வளர்கின்றன? எனக்குத் தெரியவில்லை.

சந்திரனைச் சுற்றும் இந்த ஆய்வுக்கலத்தில் நான் மட்டும் இருக்கிறேன். இதைத் திறப்பவருக்காகச் சுருக்கமாக: கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டியவை நம் நோய் எதிர்ப்புச் செல்கள். காசக்கிருமி சாவதில்லை, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து அதன் கொழுப்பைத் தின்கிறது. கொழுப்பை நிறுத்தினால் பட்டினி கிடக்கும் என்பது என் வாதம். ஒன்பது நாளாக நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் கிண்ணத்துச் செல்களில் கொழுப்புத் துளிகள் கூடியிருக்கின்றன.

ஊட்டநீர் பம்பைப் பூமியிலிருந்தும் இயக்கலாம். அங்கே அதைக் கவனிப்பவர் கோதண்டம். என் வாதம் தவறு என்று கருத்தரங்கில் எழுந்து நின்று சொன்னவர்.

நாள் 113. 14:10
அவர் கொழுப்பைக் கலந்துவிடுகிறாரோ என்று பம்பிலிருந்து பூமியின் இணைப்பைத் துண்டித்தேன். உடனே வந்த செய்தி:

"என்ன மேடம், வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்க? நான் என்ன வெண்ணெய் திருடுற கண்ணனா?"

"அவனும் இப்படித்தான் கேட்டிருப்பான்" என்று பதில் அனுப்பினேன்.

நாள் 115. 09:05
துளிகள் இன்னும் கூடுகின்றன. கோதண்டம் திருடவில்லை.

ஊட்டநீரில் சர்க்கரையை விட்டுவைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் செல்களே செத்துவிடும். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிய, குறியிட்ட சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தேன். குறி கொழுப்பில் இருந்தது. கிருமி, தான் குடியிருக்கும் செல்லையே தனக்குச் சமைக்க வைத்திருக்கிறது.

ஒப்பிடுவதற்காகக் கிருமி விடாத கிண்ணத்தையும் பார்த்தேன். அதிலும் சில செல்களில் துளிகள்.

16:30
சாயமிட்டேன். துளிகளுக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். அவை காசக்கிருமிகள். கிண்ணத்தின் முத்திரை உடையவில்லை.

செல்கள் எல்லாம் என் ரத்தத்திலிருந்து எடுத்தவை. எங்கள் ஆய்வகத்தில் பிறரிடம் ரத்தம் கேட்பதில்லை. அவரவர் கையை நீட்டிவிடுவோம். கிருமிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எடுத்த ரத்தம் இது.

நாள் 116. 10:15
என் சளியிலும் குச்சிகள். இரண்டு மாத இருமலுக்கு உலர்ந்த காற்றைக் குற்றம் சொன்னேன். நான்கு கிலோ குறைந்ததற்கு உணவுப் பொட்டலங்களை.

திரும்பும் கலம் நாளை வருகிறது. அதில் மூவர். சொன்னால் என்னை ஏற்ற மாட்டார்கள். மருந்தை இறக்கிவிட்டுப் போவார்கள். அடுத்த கலம் ஏழு மாதம் கழித்து.

15:20
"மேடம், கிருமி விடாத கிண்ணம் எப்படி இருக்கு?"

"சுத்தமாக இருக்கிறது."

"சத்தியமா?"

அவருக்குத் தெரிந்திருக்குமோ? கிண்ணங்களைப் பூமிக்குக் காட்டும் கேமராவைத் துணியால் மூடினேன்.

18:00
கலம் இணைவதற்கு முன் சொல்லிவிடுவேன். பின்வாங்காமல் இருக்கத்தான் எழுதிவைக்கிறேன்.

நாள் 117. நடந்தது இது
11:02. கலம் இணைந்தது. ஒலிவாங்கி கையில் இருந்தது. பேசவில்லை.

11:20. கதவு திறந்தது. விமானி ரெஜினா வந்து கட்டிக்கொண்டாள். "டாக்டரம்மா, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே! வாங்க, ஊருக்குப் போலாம்."

"போலாம்" என்றேன்.

13:45. புறப்பட்டுவிட்டோம். இருமல். அடக்கினேன், முடியவில்லை. ரெஜினா இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு மிதந்து வந்து, என் முகத்துக்கு அருகில் குனிந்து தண்ணீர்ப் பையை நீட்டினாள்.

இன்னொரு முறை இருமினேன்.