ஷியோரி நேராக ஓடிய நாள்

நீகாத்தா,
செப்டம்பர் முதல் வாரம்

அன்புள்ள தொமோயா அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ருரிகோ எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சிலியில் நீயும் காய்ச்சல், இருமல் எதுவும் அண்டாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடுதான் அம்மா இந்தக் கடிதத்தைத் தொடங்கச் சொன்னாள். கையெழுத்து என்னுடையதாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. அம்மாவின் வலது மணிக்கட்டில் ஒரு சின்ன விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள், வலி குறைந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைக் கடிதத்தின் நடுவில்தான் எழுத வேண்டுமாம், முதலிலேயே எழுதினால் நீ சிரித்துக்கொண்டே மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவாயாம். அம்மா பேசுவதை அப்படியே எழுதினால் பாதிக் கடிதம் "அதான்டா, அந்த இது" என்றே போய்விடும். அதனால் விஷயம் அவளுடையது, வாக்கியம் என்னுடையது என்று பேசி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. புயல் வரும் வரும் என்று பயமுறுத்திவிட்டுக் கடலோடு போய்விட்டது. பள்ளி திறந்துவிட்டதால் சலவைக் கடையில் சீருடைகள் மலையாகக் கிடக்கின்றன. அம்மாவால் ஒரு கையால் இஸ்திரி போட முடியாது என்று அப்பா அரிசி பிஸ்கட் ஆலையிலிருந்து வந்ததும் நேராகக் கடைக்குப் போய் நிற்கிறார். ஒரு கால்சட்டைக்கு இரண்டு மடிப்புக் கோடு விழுகிறது, வாடிக்கையாளர்கள் மரியாதைக்காகப் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். நீ மீன் பண்ணையில் ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நிற்காதே, மாற்றுக் காலுறை ஒன்றை எப்போதும் பையில் வைத்துக்கொள் என்று அம்மா சொல்கிறாள். சால்மன் சும்மா கிடைக்கிறது என்பதற்காக மூன்று வேளையும் அதையே தின்னாதே, கீரை வாங்கு என்றும் சொல்கிறாள்.

இனி நம் குதிரை ஷியோரி. முடிவை நீ கைப்பேசியில் பார்த்திருப்பாய், அப்பாவும் ஒற்றை வரியில் அனுப்பியிருப்பார். ஆனால் அன்று என்ன நடந்தது என்பதை அந்த ஒற்றை வரியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ அப்பாவின் பிறந்த நாளுக்கு, பந்தயக் குதிரைகளைப் பங்கு பிரித்து விற்கும் அந்தச் சங்கத்தில் ஒரு குதிரையின் நானூறு பங்குகளில் ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது, நானூறில் ஒன்று என்றால் குதிரையின் எந்தப் பாகம் நம்முடையது என்று நான் கேட்டது நினைவிருக்கிறதா? இடது காது என்றார் அப்பா. "வால் நுனியில ரெண்டு முடி நம்மளது, அதுவும் உதிர்ற முடி" என்றாள் அம்மா. நெற்றியிலிருந்து மூக்குவரை குதிரைக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்ததால், பனியில் வைத்த புத்தக அடையாள நாடா என்ற அர்த்தத்தில் யுகிநோஷியோரி என்று நான் எழுதிப் போட்ட பெயரைச் சங்கத்து உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது நான் தெருக்கோடிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சங்கம் அனுப்பும் அறிக்கையை அப்பா உனக்கு அனுப்புவார். தீவனத்தை மிச்சம் வைக்கவில்லை, பின்னங்காலில் சதை கூடியிருக்கிறது, மழையில் ஓட முகம் சுளிக்கிறாள் என்பார். நீயும் "அப்படியா, நல்லது" என்று பதில் போடுவாய். நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு வராத அப்பா, ஆலையில் உனக்குப் பேசி வைத்திருந்த வேலையை நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு உன் பெயரையே உச்சரிக்காத அப்பா, வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் "தொமோயாவுக்கு அனுப்பிட்டேன்" என்று சொல்வார். அம்மா என்னைப் பார்ப்பாள், நான் சூப்பைப் பார்ப்பேன்.

அதனால்தான் இந்தக் கோடை எங்களுக்கு அவ்வளவு கனமாக இருந்தது. மூன்று வயதாகியும் ஒரு முறைகூட வெல்லாத குதிரைகளுக்கான பந்தயங்கள் கோடையோடு முடிந்துவிடும், அதற்குள் வெல்லாவிட்டால் சங்கம் குதிரையை விற்றுப் பங்குகளைக் கலைத்துவிடும், இது உனக்கும் தெரியும். ஷியோரி ஓடிய எல்லாப் பந்தயத்திலும் வளைவு வரும்வரை முன்னால் இருப்பாள், வளைவில் கூட்டம் நெருக்கியதும் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவாள். அவளுக்கு இனி ஒரே ஒரு பந்தயம்தான் என்று அறிக்கை வந்த அன்று அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இவ போயிட்டா அந்தப் பையன்கிட்ட நான் எதைப் பத்திப் பேசுறது? வானிலையா?" என்று கேட்டார். எங்களைக் கேட்டாரா, கிண்ணத்தைக் கேட்டாரா தெரியவில்லை. அதுவரை பந்தய மைதானத்தின் பக்கமே வராத அம்மா, மறுநாள் காலை "நானும் வர்றேன்" என்றாள்.

பயிற்சியாளர் குரோஇவா ஷியோரியை நம் ஊர் மைதானத்தில், வளைவே இல்லாத நேர்ப்பாதைப் பந்தயத்தில் சேர்த்திருந்தார். அந்தப் பாதையைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். பார்வையாளர்கள் பக்கத்து வேலியோரம் புல் மிதிபடாமல் இருப்பதால் எல்லாக் குதிரைகளும் அந்தப் பக்கத்துக்கே ஒதுங்கி ஓடும், புறப்படும் கூண்டு வரிசையில் அந்த வெளிப்பக்கக் கதவு கிடைப்பவர்களுக்குத்தான் யோகம். முந்தின நாள் குலுக்கலில் ஷியோரிக்குக் கிடைத்தது மறுகோடி, உள்பக்கத்துக் கடைசிக் கதவு. அதைப் பார்த்ததும் அப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இன்னொரு முட்டாள்தனமும் செய்தார். வென்ற குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பும் உறுப்பினர்கள் பந்தயத்துக்கு முந்தின நாளே விண்ணப்பிக்க வேண்டும் அல்லவா? ஆரம்பத்தில் மூன்று முறை அப்பா விண்ணப்பித்தார், மூன்று முறையும் அவள் தோற்றாள், தன் விண்ணப்பம்தான் அவள் காலைக் கட்டுகிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். இந்த முறையும் போடவில்லை. "நீங்க படத்துக்கு நிக்கப் போறீங்களா இல்லையான்னு அந்தக் குதிரை காதுல யாருங்க போய் ஓதுறாங்க?" என்று அம்மா கேட்டாள். "உனக்குத் தெரியாது, பேசாம இரு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தகித்தது. குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் ஓரத்தில் ஒகுமுரா நின்றிருந்தார். நம்மைப் போலவே ஷியோரியில் ஒரு பங்கு வைத்திருப்பவர், மீன் சந்தைக்காரர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டையோடு வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு நிற்க அந்த உடுப்புக் கட்டாயம். "என்னங்க, இன்னைக்கும் விண்ணப்பம் போடலையா?" என்று அப்பாவைக் கேட்டார். "நான் போட்டா அவ தோத்துடுவாங்க" என்றார் அப்பா. "அடப் போங்க, நான் ஒவ்வொரு தடவையும் போடுறேனே!" என்றார் ஒகுமுரா. "அப்ப அவ தோக்குறதுக்குக் காரணம் நீங்கதானா?" என்று அம்மா இடையில் புகுந்தாள். பக்கத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் ஷியோரி வந்தாள். அண்ணா, படத்தில் பார்ப்பது ஒன்றுமே இல்லை. அவள் உடம்பு கழுவித் துடைத்த பழுப்புக் கண்ணாடிபோல இருந்தது. பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி வெள்ளை நூலால் கட்டியிருந்தார்கள். பராமரிப்பாளர் கயிற்றை இழுக்கவே இல்லை, தோளோடு தோள் உரசாமல், ஒரு தோழியோடு நடப்பதுபோல நடந்தார். ஒருவேளை அவளுக்கு அது கடைசி நாளாக இருக்கலாம் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு பின்னல்கூடக் கோணலாக இல்லை. அம்மா எட்டிக் குனிந்து ஒவ்வொரு பின்னலாகப் பார்த்தாள். பிறகு, "இதை இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்களே, நான்கூட ஒரு சட்டையை இப்படிப் பார்த்ததில்ல" என்றாள். அம்மா சலவையை வைத்து ஒன்றைப் புகழ்ந்தால் அது எவ்வளவு பெரிய புகழ்ச்சி என்று உனக்குத் தெரியும்.

நாங்கள் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் வேலியோரம் இடம் பிடித்தோம். புறப்படும் இடம் வெகு தூரம், கானல் மட்டும்தான் தெரிந்தது. கதவு திறந்தது என்று ஒலிபெருக்கி சொன்னதும் எல்லாக் குதிரைகளும் நம் பக்கத்து வேலியை நோக்கிச் சாய்ந்து ஒரே கொத்தாக வந்தன. அப்பா அந்தக் கொத்துக்குள் ஷியோரியின் எண்ணைத் தேடினார். முன்வரிசையில் இல்லை, நடுவில் இல்லை, பின்னாலும் இல்லை. "போச்சு" என்றார். திரும்பிக்கொண்டார். ஆமாம் அண்ணா, அவ்வளவு காலம் காத்திருந்த மனிதர் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டி நின்றுவிட்டார். அம்மாவுக்கு நேர்ப்பாதையின் வழக்கம் எதுவும் தெரியாது. எல்லோரும் இந்தப் பக்கம் வருவார்கள் என்பதும் தெரியாது. ஷியோரி மறுகோடியிலிருந்து புறப்படுவாள் என்று நான் சொன்னதை மட்டும் நம்பி அவள் மறுகோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நம்ம பொண்ணு அங்கதாங்க இருக்கா! தனியா ஓடுறாங்க!" என்று கத்தினாள். நான் பார்த்தேன். அத்தனை பெரிய பச்சையில், உள்பக்க வேலியோரம், அக்கம்பக்கம் யாருமே இல்லாமல், ஒரே ஒரு குதிரை. மேலே உட்கார்ந்திருந்த புதிய பெண் ஜாக்கி சாட்டையைத் தொடவே இல்லை, கழுத்தோடு கழுத்தாகப் படுத்திருந்தாள். ஷியோரி தலையைத் தூக்கவில்லை. நெருக்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நேராக, எவ்வளவு நிம்மதியாக ஓடினாள் தெரியுமா! அம்மா ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இரும்பு வேலியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மணிக்கட்டு விரிசல் அப்படி வந்ததுதான். இப்போது சிரித்துக்கொள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டியதுபோல இருந்தது. இந்தக் கொத்தின் முதல் குதிரையா, அந்த ஒற்றைக் குதிரையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோட்டருகே எடுத்த படத்தை நடுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடிபட்ட கையை மறந்துவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், "திரும்புங்க, திரும்பிப் பாருங்க" என்றாள். அப்பா திரும்பவில்லை. "நீ பார்த்துச் சொல்லு" என்றார். பலகையில் எண் எரிந்தது. நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "நம்ம எண்ணுங்க." ஒகுமுரா எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படத்துக்கு ஓடினார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஷியோரியைச் சுற்றி, விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் தேர்ந்த உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் ஒகுமுரா எங்கள் பக்கம் திரும்பி இடுப்பை வளைத்து நீளமாக ஒரு வணக்கம் வைத்தார். அப்பா பதிலுக்குக் குனிந்தார், நிமிர ரொம்ப நேரம் ஆனது. ஷியோரி இடது காதை எங்கள் பக்கம் திருப்பினாள், இது நான் சேர்த்துக்கொண்டதில்லை, அம்மாவும் பார்த்தாள். மருத்துவமனையில் கட்டுப் போடும்போது அம்மா சொன்னாள், "வால் முடி இல்ல. காலுதான் நம்மளது. நாலும்."

கூட்டத்துக்குள் பயப்படுகிற பிள்ளையைத் தனியே விட்டுப் பார்க்கலாம் என்று ஜாக்கியிடம் சொல்லியிருந்ததாக அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கையில் பயிற்சியாளரின் வார்த்தைகள் வந்தன. கூட்டமே போகிற பக்கம் அனுப்பாமல் விட எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சங்கம் வெளியிட்ட படத்தையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நடுவில் ஷியோரி, பக்கத்தில் வியர்த்த ஒகுமுரா. பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் உற்றுப் பார், கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அம்மா, வாயைத் திறந்தபடி நான், நடுவில் ஒரு முதுகு. படம் எடுக்கிற அந்த நொடியில் அப்பா மறுபடியும் திரும்பிக்கொண்டார். கண்ணில் தூசியாம். அடுத்த பந்தயத்திலிருந்து தவறாமல் விண்ணப்பம் போடப் போகிறார், தோற்றாலும் பரவாயில்லையாம். உறுப்பினரோடு இன்னொருவரும் நிற்கலாம். நான் கையைத் தூக்கினேன். "உனக்கில்ல. அவன் கோட்டு அளவு மாறியிருக்குமான்னு உங்கம்மாவைக் கேளு" என்றார். உன் கறுப்புக் கோட்டைக் கடையில் சுத்தம் செய்து உறை போட்டு மாட்டி வைத்திருக்கிறோம், மடிப்புக் கோடு ஒன்றுதான், அது அம்மாவே முன்பு போட்டது.

கடிதம் முடிக்கப் போகும்போது அப்பாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஷியோரியைக் குளிர் வரும்வரை பண்ணையில் ஓய்வுக்கு விட்டிருக்கிறார்கள், குளம்பு நன்றாக இருக்கிறது, பசியும் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன். காலணியைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இதையும் கேட்டு எழுது. அங்க அவன் ராத்திரி தனியாவா சாப்பிடுறான்?" என்று கேட்டுவிட்டு உடனே போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்த நாட்டுக் குளிரும் உன் நெஞ்சைத் தொடாமல் இருக்கட்டும், போகிற பாதையெல்லாம் உனக்கு நேராக இருக்கட்டும் என்று அம்மாவும், சொல்லாமல் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். மறந்துவிடாதே, பதில் எழுதும்போது ஷியோரியைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்பது அம்மாவின் கண்டிப்பு. அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. நீளமாக எழுது.

இடது கையால் கிறுக்கியது,
உன் அம்மா

(பக்கத்தில் இருந்து எழுதியது, ருரிகோ)