காடி கரைத்த துகள்கள்

காலையிலிருந்து என் விரல்களில் காடியின் வினிகர் வாடை. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் போகவில்லை. உட்காரப் பிடிக்காமல் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்பதுதான் இன்று மாறியிருக்கிறது.

நான் ஏலத்தில் எடுத்த பழைய நுண்ணோக்கிக்காக, நீங்கள் வேலை பார்த்த ஆலையின் சாயப் பட்டறையிலிருந்து ஒரு சிட்டிகை பச்சைச் சாயத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தீர்கள். சின்ன வெங்காயத்தின் உள்தோலை அந்த நீரில் நனைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சைத் துகள்கள் நகர்ந்தன. மைட்டோகாண்ட்ரியா. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க" என்றீர்கள். கண்ணை எடுக்கவே இல்லை.

அவை ஒரு காலத்தில் வெளியே தனித்துத் திரிந்த கிருமிகள், இன்னொரு உயிருக்குள் புகுந்து தங்கிவிட்டன, அவை தந்த சக்தியால்தான் சின்னச் செல் பெரிதாகி மரமும் மாடும் மனிதனும் வந்தோம் என்பது என் கட்சி. தபாலில் வரவழைத்த புத்தகங்களில் ஓரிருவர் இதில் பாதியைச் சொல்லியிருந்தார்கள், மற்றவர்கள் சிரித்திருந்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"ஏனுங்க, குடியிருக்க வந்தவனா ஊட்டையே பெருசாக் கட்டிப்போட்டான்?"

கல்லூரி ஆசிரியர் ஒருவர் துகள்களை வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அவரை அழைத்துவர நான் போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். தோலை நனைத்துவைக்கும் வேலை உங்களுடையது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"ஒண்ணையும் காணோமுங்களே. துகளெல்லாம் ஊருக்குப் போயிருச்சுங்களா?"

அவர் போனபின் நீங்களாகவே சொன்னீர்கள். "சாயம் நல்லாப் புடிக்கட்டும்னு ரெண்டு சொட்டுக் காடி உட்டேனுங்க." துணிக்குச் செய்கிற வழக்கத்தைத்தான் செய்திருந்தீர்கள்; காடி துகள்களைக் கரைத்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் போகாதவன் என்று ஊரார் என்னைச் சொல்வது போதாதென்று, நீங்களும் என்னை நம்பாமல் வேண்டுமென்றே கெடுத்ததாகக் கத்தினேன். இனி என் படி ஏறக்கூடாது என்றேன்.

ஒரு மாதம் கழித்து வந்தீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியிலிருந்தே பேசினீர்கள். தப்பு உங்களுடையது என்று அந்த ஆசிரியரிடம் சொல்ல, கல்லூரிவரை நடந்து போயிருக்கிறீர்கள்.

"காடியில கரையறது கிருமியே இல்லைங்கறாருங்க. தயிர்க் கிருமி புளிப்புலதான பொழைக்குதுன்னாரு. நான் சொன்னேனுங்க, எத்தனையோ காலமா ஊட்டுக்குள்ளயே இருந்தவனுக்கு வெளிய நிக்கத் தெம்பிருக்குமுங்களா? தோலு மெலிஞ்சிருக்காதான்னு கேட்டுப்போட்டு வந்தேனுங்க."

அடுத்த வாரம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

இத்தனை மாதமும் காடியைத் தொட எனக்கு மனம் வரவில்லை. இன்று தொட்டேன். வெங்காயத் தோலின் துகள்கள் கண்ணெதிரே கரைந்தன. தயிர்க் கிருமிகள் அப்படியே இருந்தன. தயிர்க் கிருமி புளிப்பைத் தாங்கும் என்று ஆசிரியர் சொன்ன பாதி சரி. அதனால் துகள்கள் கிருமியே இல்லை என்ற மீதிப் பாதிக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் நீங்கள் சொன்னதுதான்.

மதியம் அவருக்கு எழுதிவிட்டேன். என் கட்சியை விடவில்லை, சாகும்வரை விடமாட்டேன். பதில் யாருடையது என்று உங்கள் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கதவுக்கு வெளியே பேசிவிட்டு நீங்கள் திரும்பிய அன்று, உங்கள் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை, தாழ்ப்பாளில் கைவைத்தபடி உள்ளே நின்றிருந்தேன்.